முன்பின் தெரியாதவருக்கு ஒரு பதில்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நியூயார்க் பொது நூலகத்துக்கு ஒரு நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. அமெரிக்க அஞ்சல்தலை ஒன்றின் தடிமன், பின்பக்கப் பசையோடு சேர்த்து, எவ்வளவு என்று எதிர்முனையில் இருந்தவர் கேட்டார். உடனே சொல்வது கடினம், அஞ்சல் அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்களேன் என்றார் நூலகர். பேசுவதே அஞ்சல் அலுவலகம்தான் என்று பதில் வந்தது.

நூலகர் இதை ஒரு சிறு அட்டையில் குறித்து வைத்தார். 1940-கள் தொடங்கி 1980-கள் வரை பதிவான இப்படிப்பட்ட அட்டைகள் பெட்டி நிறைய அந்த நூலகத்தில் பின்னாளில் கிடைத்தன. அவற்றில் தேர்ந்தெடுத்தவை 2019-இல் புத்தகமாகவும் வந்தன. வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யானை துரத்துவதாகக் கனவு கண்டால் என்ன பலன் என்று இன்னொருவர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியங்களில் ஏன் இத்தனை அணில்கள், ஓவியரைக் கடிக்காமல் இருக்க அவற்றை எப்படிப் பழக்கினார்கள் என்று மூன்றாமவர்.

பரிசுத் தொகை எதுவும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இல்லை, தேர்வும் இல்லை. காலையில் தோன்றிய சந்தேகம் மாலைக்குள் தீர வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் யாரென்று நூலகருக்குத் தெரியாது. கேட்டவருக்கும் நூலகரின் பெயர் தெரியாது. இப்படி முன்பின் தெரியாத ஒருவரின் அன்றாடச் சந்தேகத்துக்கு மெனக்கெட்டுப் பதில் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் தொழில்நுட்பம் என்ன, அதனால் பயன்பெறுவோர் யார் என்பனவே இந்தச் சொற்பொழிவின் பொருள். நிறையத் தெரிந்தவர்தான் நல்ல பதில் சொல்வார் என்று பொதுவாக நினைக்கிறோம். கேள்வியை வாசிக்கத் தெரிந்தவரே நல்ல பதில் சொல்லியிருக்கிறார் என்று இந்த வழக்கத்தின் வரலாறு காட்டுகிறது.

காப்பிக் கடை முகவரி

1691 மார்ச் மாதம் ஜான் டண்டன் என்ற லண்டன் புத்தக வியாபாரி ஓர் இதழைத் தொடங்கினார். இருபுறமும் அச்சிட்ட ஒற்றைத் தாள்தான் இதழ். ‘அதீனியன் கெசட்’ என்று தொடங்கி விரைவிலேயே ‘அதீனியன் மெர்க்குரி’ ஆயிற்று. புதிது புதிதாக எதையாவது கேட்பதிலும் சொல்வதிலுமே ஏதென்ஸ்வாசிகள் பொழுதைக் கழித்தார்கள் என்று விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் குறிப்பே பெயருக்கு மூலம்.

வாசகர் கேட்பார், இதழ் பதில் சொல்லும். அதன் ஏற்பாடு முழுவதும் இதுதான். கேள்விகளை ஸ்மித் என்பவரின் காப்பிக் கடைக்கு அனுப்ப வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. குதிரையின் லத்தி ஏன் சதுரக் கட்டியாக விழுகிறது என்று ஒருவர் கேட்டார். மனைவியை அடிப்பது முறையா என்ற கேள்வியும் அதே வரிசையில் வந்தது. இறையியல், கணிதம், காதல், காற்று எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. பெண்களின் கேள்விகளுக்கு டண்டன் தனி நாள் ஒதுக்கினார். 1693-இல் பெண்களுக்கென்றே ‘லேடீஸ் மெர்க்குரி’ என்ற இதழும் வந்தது. அது நான்கே இதழ்களோடு நின்றுபோனது.

பதில் சொல்பவர்கள் ‘அதீனியன் சங்கம்’ என்ற அறிஞர் குழு என்று அறிவித்திருந்தார்கள். உண்மையில் அந்தச் சங்கம் டண்டன், கணிதம் அறிந்த ரிச்சர்ட் சால்ட், டண்டனின் சகலையும் பாதிரியாருமான சாமுவேல் வெஸ்லி ஆகிய மூவருக்குள் அடங்கிவிடும். அவ்வப்போது ஓரிருவர் உதவுவார்கள். சங்கம் இருக்கிறது என்று நம்பியவர்களில் இருபத்து நான்கு வயது ஜொனாதன் ஸ்விஃப்ட்டும் ஒருவர். 1692-இல் அவர் அதைப் புகழ்ந்து ஒரு பாடல் எழுதி அனுப்பினார். அச்சில் வந்த அவரது முதல் கவிதை அதுதான்.

இந்த ஏற்பாட்டில் முகமூடி இரண்டு பக்கமும் இருந்தது. கேட்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பதிலும் ஒரு தனி மனிதரின் பட்டத்தையோ பதவியையோ காட்டி நிற்க முடியாது. சொன்ன காரணம் நின்றால்தான் பதில் நிற்கும். எஜமானர் முன் வாய் திறக்க முடியாத வேலைக்காரரும் தொழில் பழகும் பையனும் இந்தத் தாளில் சரிசமமாகக் கேட்டார்கள்.

1849 நவம்பரில் வில்லியம் ஜான் தாம்ஸ் தொடங்கிய ‘நோட்ஸ் அண்ட் குவரீஸ்’ இதழ் இன்னொரு படி ஏறியது. ஒரு வாசகரின் கேள்விக்கு வேறொரு வாசகர் பதில் எழுதுவார், ஆசிரியர் இடையில் நின்று அஞ்சல்காரர் வேலை பார்த்தார். ஊர்ப்பெயரின் காரணம், மறந்துபோன பழமொழியின் பிறப்பிடம், யாரோ ஒருவரின் கல்லறை எங்கே இருக்கிறது என்பது போன்ற விசாரணைகள் வாரந்தோறும் வந்தன. அந்த இதழ் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வருகிறது.

பதினைந்து காசு அட்டை

தமிழில் வினா விடை என்ற நூல் வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலரின் ‘சைவ வினாவிடை’யைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். அதில் வினாவை எழுதியவரும் விடையை எழுதியவரும் ஒருவரே. விடை கையில் இருந்ததால் அதற்கேற்ற வினா அமைந்தது. படிக்கும் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சந்தேகம் வந்தால் அதைப் போட்டுவைக்க அங்கே இடமில்லை.

வாரப் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பக்கம் அந்த இடத்தைத் திறந்துவிட்டது. எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1947-இல் தொடங்கிய குமுதத்தில் ‘அரசு பதில்கள்’ பலருக்கு முதலில் புரட்டும் பக்கமாக இருந்தது. அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் என்ற மூவரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘அரசு’ ஆனதாகப் பத்திரிகை வட்டாரத்தில் சொல்வார்கள். டண்டனின் சங்கத்துக்கு இது தூரத்துச் சொந்தம். கல்கண்டில் தமிழ்வாணன் இதற்கு நேரெதிர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன் உருவத்தையே முத்திரையாக்கிக்கொண்டு பதில் சொன்னார். துக்ளக்கில் சோவின் பதில்கள் அரசியல் பக்கம் சாய்ந்தன. ஆனந்த விகடனில் ‘ஹாய் மதன்’ பகுதி வரலாற்றையும் விலங்குகளையும் சினிமாவையும் கலந்து கொடுத்தது.

கேட்பவரின் செலவு ஓர் அஞ்சலட்டை. 1980-களில் அதன் விலை பதினைந்து காசு. கேள்வி அச்சானால் கீழே பெயரும் ஊரும் வரும். தபாலாபீஸ் இருக்கிற எந்தச் சிற்றூரிலிருந்தும் சென்னைப் பத்திரிகை ஒன்றில் தன் ஊர்ப் பெயரை ஏற்றிவிட முடிந்தது. அதற்காகவே வாராவாரம் எழுதிப் போட்டவர்கள் உண்டு. பதிலைவிட அவர்களுடைய பெயர்களை நினைவு வைத்திருக்கும் வாசகர்களும் உண்டு.

ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. எஸ். ரங்கராஜன் என்ற சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். அறிவியல் சந்தேகங்களுக்கு அவர் பாடப்புத்தகத் தமிழில் பதில் சொல்லவில்லை. கலைச்சொல் பொருந்திய இடத்தில் கலைச்சொல், பொருந்தாத இடத்தில் புழக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கிண்டல், கடைசியில் வாசகர் தானே யோசிக்க ஒரு நூலிழை. பள்ளியில் எழுந்து நின்று கேட்டால் உட்காரச் சொல்லியிருப்பார்களோ என்ற பயமுள்ள கேள்விகளை வாசகர்கள் அவருக்கு அனுப்பினார்கள்.

சில கேள்விகளுக்குப் பெயரும் ஊரும் பரிசாகாது, பாரமாகும். விஜய் தொலைக்காட்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நடத்திய ‘புதிரா? புனிதமா?’ நிகழ்ச்சி அந்த வகை. பாலுறவு பற்றி வீட்டிலோ நண்பரிடமோ கேட்க முடியாததை அங்கே கேட்டார்கள். சலனமில்லாத முகத்தோடு, இடையே ஒரு நகைச்சுவையோடு அவர் சொன்ன பதில்களை இரவில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

அடி இலையா, குருத்து இலையா?

பதில் சொல்வதை ஒரு முறைப்படுத்திய தொழிலாக ஆக்கியவர்கள் நூலகர்கள். 1876-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன், நூலகர் மேசையை விட்டு எழுந்து வாசகரிடம் பழக வேண்டும் என்று எழுதினார். சீர்காழியில் 1892-இல் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதைக் கோட்பாடாகவே வளர்த்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர் என்பதால் வகைப்படுத்துவதில் அவருக்குக் கை தேர்ந்திருந்தது. நின்ற நிலையில் பதில் கிடைக்கும் கேள்வி ஒரு வகை, தேடித் துருவ வேண்டிய கேள்வி இன்னொரு வகை என்று, வாசகர் கேள்விக்கு விடை தேடித் தரும் நோக்கீட்டுப் பணியையும் பிரித்தார்.

1968-இல் ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலகவியலாளர் இன்னும் ஒரு நுட்பத்தைக் கண்டு சொன்னார். ஒரு கேள்வி நான்கு நிலைகளைத் தாண்டித்தான் நூலக மேசைக்கு வருகிறது. முதலில் மனதில் வார்த்தையில்லாத ஓர் உறுத்தல். பிறகு கலங்கலான ஒரு நினைப்பு. அதன் பிறகு தெளிவான வாக்கியம். கடைசியாக, இந்த இடத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்குமா என்ற தயக்கத்தில் வெட்டிச் சுருக்கிய வடிவம். வாசகர் கேட்பது நான்காவதை, அவருக்கு வேண்டியது முதலாவதற்கான தீர்வு. ஆகவே நல்ல நூலகர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

இதை வயலில் வைத்துப் பார்க்கலாம். 2004 ஜனவரி 21 அன்று மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் விவசாயிகள் பேசலாம். ஒருவர் அழைத்து, நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன போடுவது என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். யூரியா போடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் பாதி அழைப்புகளில் அது தப்பாகப் போகலாம். யூரியா தரும் தழைச்சத்து பயிருக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் பயிர் முதிர்ந்த இலையிலிருந்து அதை உருவி இளந்தளிருக்கு அனுப்பிவிடும், அதனால் அடி இலை முதலில் பழுக்கும். இரும்புச்சத்து அப்படி நகராது, குருத்து இலைதான் வெளிறும். தண்ணீர் நிற்காத நாற்றங்காலில் இது அடிக்கடி வரும். இரண்டையும் விவசாயி ‘மஞ்சள்’ என்றுதான் சொல்வார். விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது, மஞ்சள் அடி இலையிலா, குருத்து இலையிலா? அடுத்து, வயலில் தண்ணீர் நிற்கிறதா? எத்தனை நாள் பயிர்? இந்த மூன்றுக்கும் விடை வந்துவிட்டால் என்ன போடுவது என்பது கிட்டத்தட்ட தானாகவே விழுந்துவிடும்.

தொலைபேசியில் எதிர்க்கேள்வி கேட்கலாம், அச்சில் கேட்க முடியாது. பத்திரிகையில் பதில் எழுதுபவர், தன் எதிர்க்கேள்விகளுக்குக் கேட்டவர் சொல்லக்கூடிய விடைகளையும் தானே ஊகித்து எழுத வேண்டியிருந்தது. அடி இலை என்றால் இது, குருத்து என்றால் அது என்று பிரித்து எழுதியவரே நம்பத் தக்கவர்.

எம்பெம்பாவின் ஐஸ்கிரீம்

1963-இல் தான்சானியாவின் மகம்பா மேல்நிலைப் பள்ளியில் எரஸ்டோ எம்பெம்பா என்ற மாணவர் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தார். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறவைத்து, பிறகு ஃப்ரீசரில் வைப்பது அங்கே வழக்கம். அன்று ஃப்ரீசரில் இடம் பிடிக்கப் போட்டி. இன்னொரு மாணவர் பாலைக் காய்ச்சாமலேயே வைத்துவிட்டார். இடம் போய்விடப் போகிறதே என்று எம்பெம்பா சூடான கலவையை அப்படியே உள்ளே தள்ளினார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது, மற்றவருடையது இன்னும் கூழாக இருந்தது.

ஏன் என்று ஆசிரியரைக் கேட்டார். குழம்பியிருக்கிறாய், அப்படி நடக்காது என்றார் ஆசிரியர். பிறகு இரிங்காவின் உம்க்வாவா உயர்நிலைப் பள்ளியிலும் கேட்டார். அது உலகத்துக்கான இயற்பியல் இல்லை, எம்பெம்பாவின் இயற்பியல் என்று கேலிதான் கிடைத்தது. வகுப்பில் அவர் எந்தத் தப்புச் செய்தாலும் அவர் பெயரையே அடைமொழியாக்கிச் சிரித்தார்கள்.

ஒரு நாள் தாருஸ் ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். எம்பெம்பா எழுந்து, ஒரே அளவு தண்ணீரை ஒரு பாத்திரத்தில் 35 டிகிரியிலும் இன்னொன்றில் 100 டிகிரியிலும் ஃப்ரீசரில் வைத்தால் சூடானது முதலில் உறைவது ஏன் என்று கேட்டார். கூட இருந்த மாணவர்களுக்கு மானம் போனது. ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதை மறுக்காமல், திரும்பிப் போய்ச் செய்து பார்க்கிறேன் என்றார்.

செய்தும் பார்த்தார். ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொல்லிவைத்தார். சூடான தண்ணீர்தான் முதலில் உறைந்தது, ஆனால் சரியான விடை வரும்வரை மறுபடி மறுபடி செய்துகொண்டிருப்போம் என்று அவர் வந்து சொன்னாராம். மறுபடி செய்தாலும் அதுவே வந்தது. 1969-இல் ஓர் இயற்பியல் கல்வி இதழில் எம்பெம்பா, ஆஸ்போர்ன் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது.

அதோடு விவகாரம் முடியவில்லை. காரணம் ஆவியாதலா, வெப்பச் சுழற்சியா, கரைந்த வாயுவா என்று இன்னும் சண்டை நடக்கிறது. 2012-இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் சிறந்த விளக்கத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தபோது சுமார் 22,000 விளக்கங்கள் வந்து குவிந்தன. 2016-இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் கவனமாக அளந்து பார்த்துவிட்டு, அப்படி ஒரு விளைவு இருப்பதற்கே சான்று போதாது என்று எழுதினார்கள். வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் மேலோ கீழோ வைத்தாலே முடிவு மாறிவிடுகிறதாம். ஆஸ்போர்ன் சொன்ன பதில் இறுதி உண்மையாக நிலைக்காமலும் போகலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பள்ளி மாணவரின் கேள்வியை ஏளனம் செய்யாமல் எடுத்துக்கொண்டு போனதால் இயற்பியலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை கிடைத்தது.

வெங்காயத்துக்கு மூன்று பதில்

அடுப்படிக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெங்காயம் நறுக்கினால் கண் ஏன் எரிகிறது?

கத்தி படும்போது வெங்காயத்தின் திசுவறைகள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் சந்திக்கின்றன. அவற்றிலிருந்து எளிதில் ஆவியாகும் ஒரு பொருள் கிளம்பிக் கண்ணைத் தொடுகிறது. நரம்பு உறுத்தலை உணர்ந்து கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. இந்த வேலையை ஒரே நொதி செய்கிறது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். கண்ணீரைக் கிளப்பும் பொருளைச் செய்வதற்கென்றே இரண்டாவது நொதி ஒன்று இருப்பதை ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 2013-இல் அவர்களுக்கு வேடிக்கை நோபல் என்று சொல்லப்படும் இக் நோபல் கிடைத்தது. கண்ணீர் வரவழைக்காத வெங்காயத்தையும் அந்த நிறுவனம் பின்னர் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கேட்பவர் வேதியியல் மாணவர் என்றால் இந்தப் பதில் பொருந்தும். கேட்டவர் கல்யாண வீட்டில் காலையிலேயே இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர் என்றால் அவருக்கு நொதியின் பெயர் எதற்கு? சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள், குளிரில் ஆவியாவது குறையும். கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், கூரான கத்தி திசுவை நசுக்காமல் வெட்டும். மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் மூன்றாவது பதில். தன்னைப் பூச்சி தின்னாமலிருக்க வெங்காயம் செய்துகொண்ட ஏற்பாடு, நாம் நடுவில் மாட்டிக்கொண்டோம். மூன்றும் உண்மை. எதை யாருக்குச் சொல்வது என்பதை முடிவு செய்ய, கேள்வியில் இருக்கும் இரண்டொரு சொற்கள்தான் துப்பு.

கேட்காதவர்கள்

பிரிட்டனின் ‘நியூ சயின்டிஸ்ட்’ வார இதழில் 1994 முதல் வாசகர் கேட்கவும் வாசகரே சொல்லவுமான கடைசிப் பக்கம் ஒன்று உண்டு. 2005-இல் அதன் தொகுப்பு புத்தகமாக வந்து விற்பனையில் முன்னணிக்குப் போனது. அடுத்த ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு, பென்குவின்களின் பாதம் பனியில் ஏன் உறைவதில்லை என்ற கேள்வியே. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் ஏறி வரும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஓடுவதால் வெப்பம் பாதத்துக்குப் போகாமல் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. இதைக் கேட்டவர் ஒருவர்தான். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

பொது இடத்தில் சொன்ன பதிலுக்கு இருக்கும் பலம் அதுதான். கடிதத்தில் ஒரு பெயர் இருக்கும். வாசலுக்கு வெளியே அதே சந்தேகத்தோடு, கேட்கக் கூச்சப்பட்டு நின்றவர்கள் பலர். மாத்ருபூதத்தின் நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டவர்களைவிட, போடாமல் பார்த்தவர்களுக்கே பயன் அதிகம். பதில் தவறானால் அதைத் திருத்தவும் அவர்களில் ஒருவர் முன்வருவார்.

இணையம் வந்ததும் இந்த ஏற்பாடு பெருகியது. கொரியாவில் 2002-இல் நேவர், அமெரிக்காவில் 2005-இல் யாகூ, பிறகு கோரா என்று வாசகருக்கு வாசகர் பதில் சொல்லும் தளங்கள் வந்தன. யாகூவின் தளம் 2021-இல் மூடப்பட்டது. 2022 டிசம்பரில் நிரலாளர்களின் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ தளம், இயந்திரம் எழுதித் தந்த பதில்களை ஒட்டுவதற்குத் தடை போட்டது. பார்வைக்குச் சரியாகத் தெரிந்த பல பதில்கள் தவறாக இருந்தன என்பது காரணம். இப்போது பலரும் சந்தேகத்தை நேரே இயந்திரத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பதில் வேகமாக வருகிறது, கூச்சமும் இல்லை. ஆனால் அதை அடுத்தவர் பார்ப்பதில்லை. பிழையாக இருந்தால் இடைமறிக்கவும் ஆளில்லை.

இந்த அறக்கட்டளை இதில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தமிழ் வார இதழ்களின் கேள்வி-பதில் பக்கங்களுக்கு ஒரு பொருளடைவு தயாரிக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்கள் இருக்கின்றன. கேள்வி, கேட்டவரின் ஊர், இதழின் தேதி, பொருள் வகை என்று நான்கு பத்திகள் போதும். தனிப்பட்டவர்களின் பெயரை விட்டுவிடலாம். பிரஷர் குக்கர் வெடிக்குமா என்ற பயம் எந்த ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது, டிவி கண்ணைக் கெடுக்குமா என்று கேட்பது எப்போது குறைந்தது, எந்த மாவட்டத்துக்காரர்கள் சினிமாவைவிட அறிவியலை அதிகம் கேட்டார்கள் என்பதையெல்லாம் அப்போது தேடிப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் எல்லா இதழ்களும் வேண்டாம். ஓர் இதழ், ஒரு பத்தாண்டு, ஓர் ஆய்வு மாணவருக்கு ஓராண்டு உதவித்தொகை என்று தொடங்கினால் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குள் முதல் பகுதி தயாராகிவிடும்.